சாட்சி இல்லாத நேரலை

2020 மார்ச் மாதத்தில் அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் ஓரிரு வாரங்களுக்குள் தம் தயாரிப்பு முறையை அடியோடு மாற்றிக்கொண்டன. ஸ்டுடியோவில் தோளோடு தோள் அமர்ந்து செய்தி வாசித்தவர்கள் வீட்டுக் கூடத்திலிருந்து வாசித்தார்கள். வானிலை சொல்பவர் கொல்லைப்புறத்தில் நின்றார். தயாரிப்பாளர் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து நிகழ்ச்சியை ஓட்டினார். ஒளிபரப்பு நிற்கவில்லை. இதற்கான பாராட்டைத் துறை தனக்குத் தானே தாராளமாக வழங்கிக்கொண்டது. அதில் பெரும்பகுதி நியாயமானதும்கூட. நடக்காமல் போனது மதிப்பீடு. ஒளிபரப்பைக் காப்பாற்றியது ஒரு சாதனை. அந்த ஒளிபரப்பில் என்ன சென்றது என்பது தனிக் கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த புகழின் சத்தத்தில் இரண்டாவது கேட்கப்படவே இல்லை.

அந்தக் கேள்வியை நியூ ஜெர்சி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, டெக்சஸ் ஆகிய மூன்று இடங்களில் வைத்துக் கேட்கலாம். எடிசனிலும் ஃப்ரீமான்டிலும் பிளேனோவிலும் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, இந்த மூன்றும் ஒரே நோயை மூன்று வேறு ஊடக நிலைமைகளில் சந்தித்தன என்பது. நியூ ஜெர்சிக்குத் தன்னுடையது என்று சொல்லத்தக்க வணிகத் தொலைக்காட்சிச் செய்தி இல்லை. வளைகுடாப் பகுதியில் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. டெக்சஸில் நிலையங்களும் உண்டு, மாவட்ட நிர்வாகத்துக்கும் ஆளுநருக்கும் இடையே ஓயாத இழுபறியும் உண்டு.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. உள்ளூர்ச் செய்தியிடம் நாம் எதிர்பார்ப்பவை அறிவிப்பு, விளக்கம், சாட்சியம். எது மூடியிருக்கிறது, பரிசோதனை எங்கே நடக்கிறது என்று சொல்வது அறிவிப்பு. இன்று வந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துக் காட்டுவது விளக்கம். நாம் போக முடியாத இடத்துக்கு நம் சார்பில் ஒருவர் போய்க் கண்டு வந்து சொல்வது சாட்சியம். மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. அறிவிப்பை அரசின் இணையதளமும் செய்யும். விளக்கத்தை நல்ல நாளேடு இன்னும் நன்றாகச் செய்யும். கேமராவோடு போய் நிற்பது தொலைக்காட்சிக்கே உரிய கடமை.

முதலில் பொறியியல். இங்கே புகழப்பட்ட புதுமையில் பெரும்பகுதி முன்பே தயாராக இருந்தது. பல செல்பேசி சிம்களை ஒரே பெட்டியில் பூட்டி, படத்தைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து வெவ்வேறு வலையமைப்புகள் வழியே அனுப்பி, நிலையத்தில் மீண்டும் கோத்தெடுக்கும் முதுகுப்பைக் கருவிகள் சேட்டிலைட் வேனின் இடத்தைப் பிடித்துப் பத்தாண்டு ஆகியிருந்தது. அவற்றில் முன்னணியிலிருக்கும் லைவ்யூ நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகம் நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் உள்ளது. டிவியூ நெட்வொர்க்ஸ் வளைகுடாப் பகுதியின் மவுன்டன் வியூவில். பேட்டிகளையெல்லாம் விழுங்கிக்கொண்ட ஸூம் சான் ஹோசேயில். வீடியோவைக் கணினி வலையமைப்பு வழியே அனுப்பும் என்டிஐ முறையை 2015இல் வெளியிட்ட நியூடெக் டெக்சஸின் சான் அன்டோனியோவில் இயங்கியது. நாம் எடுத்துக்கொண்ட மூன்று நிலப்பகுதிகளும் இந்த மாற்றத்தின் பார்வையாளர்கள் மட்டும் அல்ல, அதன் பட்டறைகளும்தான்.

முறைக்கும் முன்னோடிகள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கிரான் நிலையம் என்பிசி இணைப்பை இழந்தபின், 2005இல், ஒரே ஆள் கேமரா பிடித்து, பேட்டி எடுத்து, வெட்டித் தொகுக்கும் முறைக்கு மாறியது. பெரிய நகரச் சந்தை ஒன்றில் அது அன்று துணிச்சலான சோதனை. சிக்கனத்தின் பெயர் மாற்றம் என்ற குற்றச்சாட்டும் அன்றே எழுந்தது. ஹூஸ்டனின் கேஎச்ஓயூ 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளம் ஆலன் பார்க்வே கட்டடத்துக்குள் புகுந்தபோது ஒளிபரப்பைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ஹூஸ்டன் பொது ஊடக நிலையம் இடம் கொடுத்தது. டாலஸின் சகோதர நிலையமான டபிள்யூஎஃப்ஏஏ கைகொடுத்தது. கட்டடம் இல்லாமல் நிலையம் நடத்த முடியும் என்பதை ஹூஸ்டன் பெருந்தொற்றுக்கு முன்பே கற்றிருந்தது.

ஆகவே 2020இன் சாதனை கண்டுபிடிப்பில் இல்லை, வேகத்திலும் ஒழுங்கிலும் இருக்கிறது. அது சிறிய விஷயம் இல்லை. மார்ச்சில் நியூயார்க்கின் சிபிஎஸ் ஒளிபரப்பு மையம் ஊழியர்களுக்குத் தொற்று கண்டதால் மூடப்பட்டது. தேசியக் காலை நிகழ்ச்சி வாஷிங்டனுக்கு இடம் மாறியது. அடுத்த மாதம் சென்னையில் சத்தியம் தொலைக்காட்சியில் இருபதுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரே கூரையின் கீழ் அனைவரையும் வைத்திருப்பதன் ஆபத்து கண்கூடாக இருந்த நேரத்தில், ஆட்களைக் கலைத்து அனுப்பிவிட்டு நிகழ்ச்சியைக் கலையாமல் வைத்திருந்தார்கள்.

வடிவத்திலும் ஒரு தகுதி இருந்தது. அந்த முதல் வாரங்களில் வீட்டிலிருந்து செய்தி வாசிப்பவரின் உருவமே ஒரு செய்தி. “வீட்டிலேயே இருங்கள்” என்று ஆணையை வாசிப்பவர் தானும் வீட்டிலிருந்தே வாசிக்கிறார். வடிவமும் பொருளும் இவ்வளவு இசைந்து நின்றது உள்ளூர்த் தொலைக்காட்சியில் அரிது. இந்தியானாவின் எவன்ஸ்வில் நகரில் வானிலையாளர் ஜெஃப் லயன்ஸின் ‘பெட்டி’ என்ற பூனை திரையில் ஏறி நாடெங்கும் பெயர் வாங்கியதும் இந்தக் கட்டத்தில்தான். ஒப்பனையில்லாத முகம், வளைய விளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெரிவது, ஓரிரு நொடித் தாமதத்தால் கேள்வி முடிந்தபின்னும் செய்தியாளர் தலையாட்டிக்கொண்டே காத்திருப்பது என்று எல்லாக் குறைகளும் அன்று பார்வையாளருக்கும் நிலையத்துக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைத்தன. கோடைக்குள் அந்த அர்த்தம் தேய்ந்துவிட்டது. ஊர் திறக்கத் தொடங்கியபின்னும் வடிவம் மட்டும் தங்கியது. அப்போது அது ஒற்றுமையின் அடையாளமாக இல்லாமல் வெறும் வசதியாக மாறியிருந்தது. ஒரு வடிவம் தன் காரணத்தை இழந்தபின்னும் தொடர்ந்தால் அதைப் பாணி என்றே சொல்லவேண்டும்.

நியூ ஜெர்சியின் நிலை தனிப்பட்டது. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் உள்ள மாநிலம்; வடபாதி நியூயார்க் சந்தையிலும் தென்பாதி ஃபிலடெல்ஃபியா சந்தையிலும் அடங்குகிறது. இந்தக் குறையைத் தீர்க்கவே 1982இல் செனட்டர் பில் பிராட்லியின் முயற்சியில் ஒரு சட்டம் வந்தது. அதன் பயனாக 1983இல் நியூயார்க்கின் 9ஆம் சேனலின் உரிமம் நியூ ஜெர்சியின் செகாகஸுக்கு மாற்றப்பட்டது. உரிமம் வந்தது, கடமையுணர்வு முழுமையாக வரவில்லை. டபிள்யூடபிள்யூஓஆர் என்று பெயர் பெற்ற அந்த நிலையம் 2013 ஜூலையில் தன் மரபான செய்தியறிக்கையை நிறுத்திவிட்டு ‘சேஸிங் நியூ ஜெர்சி’ என்ற துள்ளல் நடை நிகழ்ச்சியை வைத்தது. அரசு நடத்திய என்ஜேஎன் பொதுத் தொலைக்காட்சி 2011 ஜூன் 30 அன்று மூடப்பட்டு, மறுநாள் நியூயார்க்கின் டபிள்யூநெட் நிர்வாகத்தில் என்ஜேடிவி தொடங்கியிருந்தது. நியூ ஜெர்சி மண்ணில் உரிமம் பெற்ற மற்றப் பெரிய வணிக நிலையங்களைத் தேடினால் பேட்டர்சனில் யூனிவிஷன், லிண்டனில் டெலிமுண்டோ என்று ஸ்பானிய மொழி நிலையங்களே கண்ணில் படுகின்றன. அவற்றின் பார்வையும் நியூயார்க் பெருநகரம் முழுவதற்கும் விரிந்தது.

இந்தப் பின்னணியில், மாநிலத்தின் முதல் தொற்று அறிவிக்கப்பட்ட 2020 மார்ச் 4இல் நியூ ஜெர்சிக்குக் கையிருப்பாக இருந்தது கேபிள் சந்தாதாரருக்கு மட்டும் கிடைக்கும் நியூஸ் 12, வார நாள் மாலைகளில் அரைமணி நேரம் செய்தி தரும் என்ஜேடிவி, ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பார்க்கும் நியூயார்க் நிலையங்கள். ஆளுநர் ஃபில் மர்ஃபி ட்ரென்டனிலிருந்து அன்றாடம் நடத்திய செய்தியாளர் சந்திப்புதான் மாநிலத்தின் உண்மையான செய்தியறிக்கையாக இருந்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் மாண்டவர்களில் சிலரின் பெயரைச் சொல்லி, அவர்கள் வாழ்வை ஓரிரு வரிகளில் நினைவுகூர்வதை மர்ஃபி வழக்கமாக்கினார். சுகாதார ஆணையர் ஜூடித் பெர்சிக்கிலி செவிலியராகத் தொழில் தொடங்கியவர். எண்களை நிதானமாக வைத்தார். அந்தச் சந்திப்புகளை முழுமையாகக் காட்டியது என்ஜேடிவி. அறிவிப்பு என்ற அளவில் இதில் குறை சொல்ல அதிகமில்லை. தமிழ்நாட்டில் மாலைதோறும் சுகாதாரச் செயலர் பீலா ராஜேஷ் எண்ணிக்கை வாசித்ததைக் காத்திருந்து பார்த்தவர்களுக்கு அந்த வழக்கத்தின் ஆறுதல் தெரியும். அதன் அபாயமும் அதேதான். அரசின் மேடையே செய்தியாகும்போது, எதைக் கேட்பது என்பதையும் மேடையே தீர்மானித்துவிடுகிறது.

அந்த அபாயம் முதியோர் இல்லங்களில் விளைந்தது. 2020 ஏப்ரலில் சசெக்ஸ் மாவட்டத்தின் ஆண்டோவரில், பெயர் சொல்லாத ஒருவர் தந்த துப்பை வைத்துப் போன காவலர்கள், நான்கு உடல்களுக்கான சிறு பிணவறையில் 17 உடல்களைக் கண்டார்கள். முதல் மாதங்களில் மாநிலத்தின் கோவிட் இறப்புகளில் ஏறத்தாழ பாதி இத்தகைய இல்லங்களில்தான். மாநில அரசே நடத்திய பராமஸ், மென்லோ பார்க் முன்னாள் படைவீரர் இல்லங்களில் நிகழ்ந்த சாவுகளுக்காக 2021 டிசம்பரில் அரசு 5.3 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. 2023இல் அமெரிக்க நீதித்துறை அந்த இரு இல்லங்களையும் கடுமையாகக் குற்றம் சாட்டி அறிக்கை தந்தது. மென்லோ பார்க் இல்லம் இருப்பது எடிசனில். ஓக் ட்ரீ ரோட்டில் முருங்கைக்காய் வாங்கும் நம்மவர்களுக்கு அது சில மைல் தூரம். தொலைக்காட்சி அங்கே என்ன காட்டியது? வாசற்பலகை, வந்து நிற்கும் ஆம்புலன்ஸ், ஹெலிகாப்டரிலிருந்து கூரை. உள்ளே யாரும் போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே போய் வருபவர்கள் இருந்தார்கள்: உதவியாளர்கள், சமையல்காரர்கள், சலவைக்காரர்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் அவர்களைப் பெயர் மறைத்துப் பேசவைக்க ஒரு செய்தியாளர் வாரக்கணக்கில் அதே இடத்தைச் சுற்றவேண்டும். இருபது மாவட்டங்களுக்கும் மேல் உள்ள மாநிலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்திருக்கும் நிலையத்தால் அது ஆகாது. இங்கே குற்றம் 2020இன் குழுவினுடையது இல்லை. 2011லும் 2013லும் எடுக்கப்பட்ட முடிவுகளின் விலை 2020இல் வசூலானது.

நியூ ஜெர்சிக்குச் சாதகமாக ஒன்றைப் பதிவு செய்யவேண்டும். 2019இல் டபிள்யூநெட் நிறுவனம் என்ஜே ஸ்பாட்லைட் என்ற கொள்கை ஆய்வு இதழைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2020இல் மாலைச் செய்தியே ‘என்ஜே ஸ்பாட்லைட் நியூஸ்’ என்று பெயர் மாறியது. பிரியானா வனோசி அதன் முகமானார். எழுத்துச் செய்தியாளரின் கோப்பறிவும் தொலைக்காட்சியின் குரலும் ஒரே மேசையில் அமர்ந்ததால், மருத்துவமனை நிதி, தடுப்பூசிப் பங்கீடு போன்ற வறண்ட பொருள்களில் அதன் விளக்கம், பணபலத்தில் பலமடங்கு பெரிய நியூயார்க் நிலையங்களைவிடத் தெளிவாக இருந்தது. எட்டிய வீடுகள் குறைவு. எட்டிய இடத்தில் தரம் உண்டு. மூன்று பகுதிகளிலும் விளக்கம் என்ற கடமையில் நான் முதலிடம் தருவது இந்தச் சிறிய நிலையத்துக்குத்தான்.

வளைகுடாப் பகுதி நேரெதிர். கேபிக்ஸ், கேஜிஓ, கேடிவியூ, கிரான், கேஎன்டிவி, பொது நிலையமான கேக்யூஇடி, பிரிஸ்பேனிலிருந்து கேண்டனீஸிலும் மாண்டரினிலும் செய்தி தரும் கேடிஎஸ்எஃப் என்று வரிசை நீளம். நாட்டின் முதல் ‘வீட்டிலேயே தங்குக’ ஆணை 2020 மார்ச் 16 அன்று ஆறு மாவட்டங்களும் பெர்க்லி நகரமும் சேர்ந்து பிறப்பித்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சான்டா கிளாரா மாவட்டச் சுகாதார அதிகாரி சாரா கோடி. மாவட்டத்துக்கு மாவட்டம் விதி மாறும் அந்த நிலப்பரப்பில், எந்தப் பாலத்துக்கு எந்தப் பக்கம் எது திறந்திருக்கிறது என்று சொல்வதே பெரிய வேலை. நிலையங்கள் அதைச் செம்மையாகச் செய்தன. அறிவிப்பில் வளைகுடாப் பகுதிக்கு முழு மதிப்பெண் தரத் தயங்கவேண்டியதில்லை.

விளக்கத்தில் தயங்கவேண்டும். 2020 ஆகஸ்ட் 3 அன்று ஆளுநர் கவின் நியூசம், ஏழு நாள் சராசரித் தொற்று 21 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னார். மறுநாளே மாநிலத்தின் தரவு அமைப்பில் கோளாறு என்று சுகாதாரத் துறை ஒப்புக்கொண்டது. 2,50,000 முதல் 3,00,000 பதிவுகள் வரை தேங்கிக் கிடந்தன. ஆகஸ்ட் 9 அன்று மாநிலப் பொதுச் சுகாதார இயக்குநர் சோனியா ஏஞ்சல் பதவி விலகினார். திரையின் ஓரத்தில் பெட்டி கட்டி ஓடிய எண் தவறானது என்பது நிலையங்களின் குற்றம் ஆகாது. ஆனால் அந்த எண் எந்த நாளுக்கு உரியது, சோதனை எடுத்த நாளா, முடிவு வந்த நாளா, கணினியில் ஏறிய நாளா என்ற வேறுபாட்டை மாதக்கணக்கில் சொல்லாமலே வாசித்துவந்த பழக்கம் குற்றம்தான். இந்த வேறுபாட்டை ஒருமுறை கற்றுக்கொண்ட பார்வையாளர் திடீர்ச் சரிவைக் கண்டதும் சந்தேகப்பட்டிருப்பார். இதே குறை டெக்சஸிலும் தெரிந்தது. ஜூன் இறுதியில் ஹூஸ்டனின் டெக்சஸ் மெடிக்கல் சென்டர் தன் வழக்கமான தீவிர சிகிச்சைப் படுக்கைகள் நிரம்பிவிட்டதாகக் காட்டியது. சில நாள் வெளியீட்டை நிறுத்தியது. பிறகு வரைபடங்களை மாற்றி அமைத்தது. மாலைச் செய்தியின் ஒன்றரை நிமிடத்தில் இவற்றையெல்லாம் விளக்க இடமில்லை என்பார்கள். அதே செய்தியில் போக்குவரத்துக்கும் வானிலைக்கும் இடம் இருந்தது.

சாட்சியம் பற்றி வளைகுடாப் பகுதி ஒரு அரிய பாடத்தைத் தந்தது. அதை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோவின் வானம் பகலிலேயே செம்மஞ்சளாக இருண்டது. மக்கள் செல்பேசியில் படமெடுத்தார்கள். படத்தில் வானம் சாம்பல் நிறமாக வந்தது. செல்பேசியின் மென்பொருள் இவ்வளவு செம்மஞ்சள் இருக்க முடியாது என்று முடிவுசெய்து, வெள்ளைச் சமநிலையைத் தானாகவே திருத்திவிட்டது. வெள்ளைச் சமநிலையைக் கையால் நிலைநிறுத்திய கேமராவில்தான் கண்ணால் கண்ட நிறம் பதிந்தது. தொழில் தெரிந்த ஒளிப்பதிவாளர் இதை யோசிக்காமலே செய்வார். அவ்வாண்டு முழுவதும் செய்தியறைகள் அந்த ஒளிப்பதிவாளரின் இடத்தில்தான் செல்பேசியையும் வெப்கேமையும் பார்வையாளர் அனுப்பும் படத்தையும் வைத்துக்கொண்டிருந்தன. கருவி மலிவானபோது, எது உண்மையான நிறம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் கைமாறியது. வேறு நாள்களில் இது கண்ணுக்குத் தெரியவில்லை, அன்று தெரிந்தது.

ஸூம் பேட்டிக்கும் இதே ஆய்வு பொருந்தும். அதன் நன்மை பெரிது: தொலைதூர மாவட்டத்து மருத்துவரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் பத்து நிமிட அவகாசத்தில் கிடைத்தார்கள். ஹூஸ்டனின் பீட்டர் ஹோடெஸ் போன்ற நிபுணர்கள் ஒரே நாளில் பல நிலையங்களில் தோன்ற முடிந்தது. தீமையும் அதே தன்மையிலிருந்து வந்தது. பேட்டி கொடுப்பவரே சட்டகத்தை அமைக்கிறார். பின்னணிப் புத்தக அலமாரியை அவரே தேர்கிறார். திரைக்கு வெளியே நிற்கும் மக்கள் தொடர்பாளர் நமக்குத் தெரிவதில்லை. காணொளிச் செய்தியாளர் சந்திப்பில் கேள்வியை வரிசைப்படுத்துவதும் ஒலியை அடைப்பதும் அழைத்தவர் கையில். நல்ல இணையமும் அமைதியான அறையும் உள்ளவர்களே பேசும் மனிதர்கள் ஆனார்கள். பழத்தோட்டக் கூலிகளும் இறைச்சி ஆலைத் தொழிலாளர்களும் பின்னணிக் காட்சிகளில் முதுகு காட்டிப் போனார்கள். தடுப்பூசி வந்தபின் இன்னும் மோசம்: எந்தத் தடுப்பூசிச் செய்தியானாலும் மேற்கையில் இறங்கும் ஊசியின் அதே நெருக்கக் காட்சி.

சான் குவென்டின் சிறை இதற்கு உரைகல். 2020 மே 30 அன்று சீனோ சிறையிலிருந்து 120க்கும் மேற்பட்ட கைதிகள் அங்கே மாற்றப்பட்டார்கள். தொற்று அதன்பின் பரவியது. 2,200க்கும் மேற்பட்ட கைதிகளுக்குத் தொற்று, 28 கைதிகளும் ஓர் ஊழியரும் மரணம். நிலையங்கள் சிறைவாசலில் நின்ற குடும்பங்களின் போராட்டத்தைக் காட்டின, அது கடமை. இடமாற்ற முடிவை யார், எந்தச் சோதனையின் அடிப்படையில் எடுத்தார்கள் என்ற விசாரணை அந்தக் காட்சியோடு சேர்ந்து வரவில்லை; காட்சி உருக்கமாகவும் அறிவு குறைவாகவும் நின்றது. விதிவிலக்கும் உண்டு. கேஜிஓவின் டியான் லிம், ஆசிய முதியவர்கள் தாக்கப்படுவதைத் தனித்தனிச் சம்பவமாக விடாமல் தொடராகக் கோத்து, குடும்பங்களைத் தேடிப் போய், கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைத் திரட்டி 2021இல் நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கண்காணிப்புப் பதிவை மீண்டும் மீண்டும் ஓட்டுவது பயத்தைப் பெருக்கும் என்ற மறுப்பு எனக்கும் உண்டு. எனினும் அது நேரில் போய் எடுத்த வேலை. சமூகத்தினுள் தொடர்புள்ள செய்தியாளர் ஒருவர் இருந்ததால் நடந்த வேலை.

டெக்சஸில் கேள்வி வேறு: யார் சொல்வதைச் செய்தியாக எடுப்பது? 2020 ஏப்ரலில் ஹாரிஸ் மாவட்டத் தலைவர் லீனா ஹிடால்கோ முகக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். சில நாளில் ஆளுநர் கிரெக் அபட் அபராதம் விதிக்கும் அதிகாரத்தைப் பறித்தார். ஜூலை 2இல் அவரே பெரும்பாலான மாவட்டங்களுக்கு முகக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். 2021 மார்ச் 2இல் அதை விலக்குவதாக அறிவித்தார். இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பேச்சுத் துணுக்கு வைத்துச் சமன் செய்யும் பழைய சூத்திரம் இங்கே உதவவில்லை. வைரஸ் பற்றிய கேள்வியில் இரு கருத்துகளுக்கும் ஒரே சான்றெடை கிடையாது. இதற்கு டெக்சஸ் தந்த நல்ல பதில் ‘வெரிஃபை’. டபிள்யூஎஃப்ஏஏவின் டேவிட் ஷெக்டர், பார்வையாளர் ஒருவரையே கூட்டிக்கொண்டு போய் ஒரு கூற்றைச் சோதிக்கும் முறையாக அதைத் தொடங்கியிருந்தார். முகக்கவசம் மூச்சுக்காற்றைக் குறைக்குமா என்பது போன்ற கேள்விகளுக்கு, சான்றுகளைத் திரையில் காட்டி, ஆம் அல்லது இல்லை என்று முடிவு சொல்வது துணிவான முறை. பின்னாளில் அந்த நிலையத்தின் உரிமையாளரான டெக்னா நிறுவனம் அதைத் தன் எல்லா நிலையங்களுக்கும் பொதுவான முத்திரையாக்கியபோது அதன் வேர் அறுந்தது. டாலஸ்காரர் ஒருவரின் சந்தேகத்தோடு பயணம் செய்த நிகழ்ச்சி, எந்த ஊருக்கும் பொருந்தும் கேள்வி-பதில் அட்டையாகச் சுருங்கியது. மையப்படுத்தலின் மறுமுகத்தையும் டெக்சஸ் பார்த்தது. ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் நிலையங்கள் கொண்ட சின்க்ளேர் நிறுவனம், 2020 ஜூலையில் வைரஸின் தோற்றம் குறித்த ஆதாரமற்ற சதிக் கதைக்கு இடம் கொடுத்த பேட்டி ஒன்றைத் தன் நிலையங்களுக்கு அனுப்பி, கண்டனம் எழுந்தபின் விலக்கிக்கொண்டது. ஒரே இடத்தில் சமைத்து எல்லோருக்கும் பரிமாறும் முறையில் நல்லதும் கெட்டதும் ஒரே வேகத்தில் போகும்.

புதிய முறைக்கு உண்மையான சோதனை 2021 பிப்ரவரியில் வந்தது. யூரி பனிப்புயலில் பிப்ரவரி 15 அதிகாலை, மாநிலத்தின் மின்கட்டமைப்பை இயக்கும் எர்காட் அமைப்பு மின்வெட்டைத் தொடங்கியது. முழு மின்கட்டமைப்பும் சரிய 4 நிமிடம் 37 நொடிதான் மிச்சம் இருந்தது என்று பின்னர் தெரிந்தது. 45 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் இருளில். மாநிலத்தின் கணக்கில் 246 மரணங்கள். வீட்டிலிருந்து ஒளிபரப்பும் முறை, வீட்டில் மின்சாரமும் இணையமும் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் நின்றது. செல்பேசிக் கோபுரங்களும் தடுமாறும் வேளையில் முதுகுப்பைக் கருவியும் அதே அனுமானத்தில்தான் நிற்கிறது. ஜெனரேட்டரும் கோபுரமும் உள்ள பழைய கட்டடம், பனியில் தெருவுக்குப் போகும் வண்டி, இவையே மீண்டும் முதுகெலும்பு ஆயின. பார்க்க வேண்டியவர்களிடம் தொலைக்காட்சி ஓடவில்லை என்பதால் நிலையங்கள் செல்பேசி நேரலைக்கும் எழுத்துச் செய்திக்கும் திரும்பின. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் அறிவிப்பு, வெதுவெதுப்பு மையங்களின் முகவரி, வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள் என்ற எச்சரிக்கை ஆகியவற்றில் டெக்சஸ் நிலையங்கள் அந்த வாரம் செய்தது, பெருந்தொற்றின் முழு ஆண்டிலும் அவை செய்தவற்றைவிட உயர்ந்தது. காரணம் தெளிவு: கேமரா மறுபடி தெருவுக்கு வந்தது, கேள்வி மறுபடி அதிகாரியின் முகத்துக்கு நேராக வந்தது, மின்சாரம் ஏன் போனது என்ற ஒரே கேள்வியை விடாமல் பிடித்தார்கள்.

கணக்கு வழக்கையும் சொல்லாமல் தீர்ப்பு நேர்மையாகாது. 2020 வசந்தத்தில் விளம்பரம் சரிந்தபோது டெக்னா தன் ஊழியர்களை ஒரு வாரம் ஊதியமில்லா விடுப்பில் அனுப்பியது. அவ்வாண்டு தேர்தல் விளம்பரம் துறைக்குக் கொட்டிய பணம் வரலாறு காணாதது. பார்வையாளர் எண்ணிக்கையும் அந்த வசந்தத்தில் ஏறியது. பணமும் கவனமும் கையில் வந்த அந்த நேரத்தில் நிரந்தரமானது எது என்று பார்த்தால், ஸூம் பேட்டியும், ஒற்றை ஆள் செய்தியாளரும், ஊருக்கு வெளியே ஓரிடத்தில் பல ஊர் நிகழ்ச்சிகளை இயக்கும் ஏற்பாடும்தான். இறைச்சி ஆலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் தனிச் செய்தியாளரை வைத்த நிலையம் எனக்குத் தட்டுப்படவில்லை.

என் முடிவு இது. அறிவிப்பில் மூன்று பகுதிகளும் தேறின. வளைகுடாப் பகுதி சிறப்பாக. விளக்கத்தில் பெரிய நிலையங்கள் எண்ணை வாசித்தன, சிறிய என்ஜே ஸ்பாட்லைட் எண்ணைப் படித்தது. டபிள்யூஎஃப்ஏஏ ஒரு முறையை உருவாக்கிவிட்டுத் தன் உரிமையாளரிடம் பறிகொடுத்தது. சாட்சியத்தில் மூன்றும் தவறின. டியான் லிம்மின் தொடரும் யூரி வாரமும் விதிவிலக்குகள். தவறியதற்குத் தொற்று அச்சம் பாதிக் காரணம். மறுபாதிக்கு, 2020க்கு முன்பே குறைத்துவிட்ட ஆட்களும் 2020ஐச் சாக்காக வைத்து நிரந்தரமாக்கிய சிக்கனமும் காரணம். இந்தப் பாதிக்கு மன்னிப்பு கிடையாது.

அந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்கப் பாராளுமன்றம் பொது ஒளிபரப்புக்கான நிதியைத் திரும்பப் பெற்றது. செப்டம்பரில் டபிள்யூநெட், 2026 ஜூன் 30க்குப் பின் நியூ ஜெர்சியின் பொது நிலையத்தை நடத்தப்போவதில்லை என்று அறிவித்தது. அதற்கு முந்தின மாதம், டெக்சஸின் இர்விங்கைத் தலைமையகமாகக் கொண்ட நெக்ஸ்டார், கிரானின் உரிமையாளர், டெக்னாவை 620 கோடி டாலருக்கு வாங்கும் திட்டத்தை வெளியிட்டது; டபிள்யூஎஃப்ஏஏவும் கேஎச்ஓயூவும் அந்தத் திட்டத்துக்குள் அடங்கும். இத்தகைய முடிவுகளை எடுப்பவர்கள் 2020ஐச் சான்றாகக் காட்டலாம்: குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டே ஒளிபரப்பை நிறுத்தாமல் நடத்திக் காட்டினோமே என்று. மென்லோ பார்க் இல்லத்தின் வாசலில் வாரக்கணக்கில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்கும் அதே ஆண்டுதான் சான்று.